வெயிலுக்கு வெளுக்காத கதவு

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்தில் கூட்டம் ஒன்றில் இருந்தபோது கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் வசிக்கும் மலாய்க்கார மாக்சிக் அழைத்திருந்தார். பதறிக்கொண்டு வெளியே வந்து பேசினேன். “ஒன்றும் பயப்படாதே, உன் அப்பா என் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் கொடுத்திருக்கிறேன்” என்றார்.

தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பிய அப்பா, மின்தூக்கியில் ஒரு தளம் முன்னதாகவே இறங்கிவிட்டார். நேராக மாக்சிக்கின் கதவுக்குப் போய், சாவியை நுழைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. பூட்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, கதவைத் தட்டி அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

அப்பாவுக்கு 74 வயது. முதுமை மறதி நோயின் தொடக்க நிலை என்று மருத்துவர் சொல்லி அப்போது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. சிங்கப்பூரில் இது அபூர்வமான கதை அல்ல. மனநலக் கழகம் 2023ல் நடத்திய ஆய்வின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருக்கிறது. அதாவது ஏறக்குறைய 11 பேரில் ஒருவர். ஆனாலும் நம் வீட்டில் நடக்கும்போதுதான் அந்த எண்ணுக்கு ஒரு முகம் வருகிறது.

அன்று மாலை அப்பாவை அழைத்துக்கொண்டு மேலே வந்தேன். எங்கள் கதவின் முன் நின்று அதைச் சற்று நேரம் பார்த்தவர், “இது நம்ம கதவு இல்லையே பாப்பா. நம்ம கதவு சிவப்பு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் கதவு ஒருகாலத்தில் சிவப்பாகத்தான் இருந்தது.

மங்கியது கதவா, கண்ணா?

தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் பழைய வீவக புளோக். நீளமான தாழ்வாரம் மேற்கைப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்வாரத்துக்குள் சாய்ந்து விழும். நாங்கள் துணி காயவைக்க அந்த வெயிலைத்தான் நம்பியிருக்கிறோம். அதே வெயில் எங்கள் கதவையும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் காயவைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் கதவை நன்றாகப் பார்த்தேன். தாழ்வாரத்துக் கூரையின் நிழல் விழும் மேல்பகுதியில் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. வெயில் படும் கீழ்ப்பகுதி முழுவதும் ஏறத்தாழ பழைய செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து வெளுத்ததுபோல் ஓர் இளஞ்சிவப்பு. வீட்டு எண் பலகையைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு அசல் நிறம் பளிச்சென்று இருந்தது. விரலால் கதவைத் தேய்த்தேன். விரலில் மாவுபோல் ஒட்டியது. பக்கத்து வீடுகளின் பழுப்புக் கதவுகளும் வெளுத்திருந்தன. எல்லாக் கதவுகளும் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. தளத்துக்குத் தளமும் அப்படியே.

அப்பாவின் நினைவு மட்டும் மங்கவில்லை, அவர் அடையாளம் வைத்திருந்த கதவும் மங்கிப்போயிருந்தது.

கதவுக்குப் புதுச் சாயம் பூசிவிடுவோம் என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த நிறம் என்று முடிவெடுக்கத்தான் ஐந்து வாரங்கள் ஆயின.

குடும்பக் குழுவில் வாக்கெடுப்பு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போட்டேன். மெல்பர்னில் இருக்கும் தம்பி உடனே கரிச்சாம்பல் நிறத்தில் ஒரு கதவின் படத்தை அனுப்பினான். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதில்தான் ஆசை. புதிதாக வீடு புதுப்பிக்கும் என் நண்பர்கள் பலரும் கறுப்போ கரிச்சாம்பலோதான் தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மா மஞ்சள் என்றார். மங்களகரமாக இருக்குமாம். சித்தி மயில் நீலம் என்றார். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் கெர்பாவ் சாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள 37ஆம் எண் வீட்டைப் படம் எடுக்காத சுற்றுப்பயணி இருக்கமாட்டார். டான் டெங் நியா என்ற சீன வணிகருக்காக 1900ல் கட்டப்பட்டது அந்த வீடு. சிராங்கூன் சாலை வட்டாரத்தில் மிட்டாய் ஆலைகள் நடத்தியவர் அவர். லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை அதுதான் என்பார்கள். 1980களில் அது புதுப்பிக்கப்பட்டது. 1989ல் லிட்டில் இந்தியா மரபுடைமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் ஒவ்வொரு கதவிலும் சன்னலிலும் வானவில்லின் எல்லா நிறங்களும் இருக்கின்றன.

அம்மா மகிழ்ந்துபோனார். “இதோ இந்தப் பச்சை, அதோ அந்த மஞ்சள்” என்று கைகாட்டிக்கொண்டே இருந்தார். அப்பாவும் ரசித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார்: “இதுல நம்ம வீட்டுக் கதவு எது?”

விளையாட்டாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியில் ஒன்று புரிந்தது. எல்லாமே பளிச்சென்று இருந்தால் எதுவுமே தனியாகத் தெரியாது. அப்பாவுக்குத் தேவை அழகான நிறமோ பளிச்சென்ற நிறமோ அல்ல. சுவரிலிருந்து பிரிந்து நிற்கும் நிறம், ஆண்டுக்கணக்கில் மாறாமல் அப்படியே இருக்கும் நிறம்.

முதியோர் கண்ணுக்கு எது தெரியும்?

வயது கூடக்கூட, கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை மஞ்சளாகிறது. மெல்லிய மஞ்சள் கண்ணாடி வழியாக உலகைப் பார்ப்பதுபோல. அதனால் நீலம் மங்கிவிடும், நீலமும் பச்சையும் ஒன்றுபோல் தோன்றும். சித்தியின் மயில் நீலம் அங்கேயே தோற்றுவிட்டது. சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்கள் கூடுதல் காலம் தெளிவாகத் தெரியும்.

அதைவிட முக்கியம் வெளிர்மைக்கும் கருமைக்கும் உள்ள இடைவெளி. சாயக் கடைகளில் கிடைக்கும் வண்ண அட்டைகளின் பின்புறத்தில் பல நேரங்களில் ‘எல்ஆர்வி’ என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. பார்வை குறைந்தவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் கட்டடம் வடிவமைப்போர், கதவுக்கும் சுவருக்கும் இந்த எண்ணில் குறைந்தது 30 புள்ளி வித்தியாசம் இருக்கவேண்டும் என்பார்கள். பராமரிப்பு இல்லங்களில் முதியவர்கள் திறக்கக்கூடாத கதவுகளுக்குச் சுவரின் நிறத்தையே பூசுவதுண்டு, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டுக் கதவை வெயில் அப்படித்தான் ஆக்கி வைத்திருந்தது.

வண்ணத்தை வழிகாட்டியாகப் பயன்படுத்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. அங் மோ கியோவின் கெபுன் பாரு வட்டாரத்தில், மறதி நோய் உள்ளவர்கள் வீடு திரும்ப உதவியாகப் புளோக்குகளின் கீழே பெரிய சுவரோவியங்களும் வண்ண அடையாளங்களும் வரையப்பட்டிருக்கின்றன. எண்களை மறப்பவர்கள்கூட படங்களையும் நிறங்களையும் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதே அதன் அடிப்படை.

ஜாலான் புசார் அங்கிளின் பாடம்

அப்படியானால் தம்பி சொன்ன கறுப்பே நல்லதுதானே, வெளிர் சுவரில் அதைவிட எடுப்பாக எது தெரியும்? இந்தக் கேள்வியோடு ஜாலான் புசாரில் ஒரு பழைய சாயக் கடைக்குப் போனேன். எழுபதைத் தாண்டிய சீன அங்கிள் ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “கதவு எந்தத் திசை?”

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அந்த வெயில் கூரையோடு போய்விடும். ஆனால் காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, கிழக்கு மேற்குச் சுவர்களில் நேராக மோதும். மேற்குதான் மோசம். பகல் முழுவதும் சூடேறிய காற்றும் கட்டடமும் சேர்ந்துகொள்ளும். வடக்குப் பார்த்த கதவுக்கு ஜூனை ஒட்டிய மாதங்களிலும், தெற்குப் பார்த்த கதவுக்கு டிசம்பரை ஒட்டிய மாதங்களிலும் வெயில் சாய்ந்து வரும். ஆனால் அது மேற்கு வெயில் அளவுக்குக் கடுமையாக இருக்காது.

“மேற்கா? அப்படியென்றால் கறுப்பை மறந்துவிடு” என்றார் அங்கிள். கறுப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். மரக்கதவு பகலில் கொதித்து விரியும், மாலை மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்கும். தினமும் இப்படி நடந்தால் இணைப்புகளில் விரிசல் விடும், சாயத்தில் கொப்புளம் எழும், கதவு வளைந்து தாழ்ப்பாள் பொருந்தாமல் போகும். அதனால்தான் கதவுத் தயாரிப்பாளர்கள் சிலர், வெயில் படும் கதவுக்கு எல்ஆர்வி இந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்று நிபந்தனை வைக்கிறார்கள்.

சொன்னதை நான் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்துவிட்டது போலும். மூன்று சிறு பலகைத் துண்டுகளையும் மூன்று சின்ன டப்பா சாயத்தையும் கொடுத்து, “நீயே பார்” என்று அனுப்பினார். வெள்ளை, செங்கல் சிவப்பு, கறுப்பு. மூன்றையும் பூசிக் காயவைத்து, சனிக்கிழமை பிற்பகல் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தேன். நான்கரை மணிக்கு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெள்ளை இளஞ்சூடு. சிவப்பு சுட்டது, ஆனாலும் கையை வைத்திருக்க முடிந்தது. கறுப்பில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு காலணி மாட்டும் அப்பாவை நினைத்துக்கொண்டேன். தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “ஓகே, கறுப்பு அவுட்” என்று பதில் வந்தது.

நிறம் சூட்டை எவ்வளவு மாற்றும் என்பதை இப்போது ஊரே சோதித்துப் பார்க்கிறது. தெம்பனிசில் வீவக புளோக்குகளின் வெளிச்சுவர்களில் வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்ச்சாயம் சோதனை முறையில் பூசப்பட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மேற்குப் பகுதித் தொழிற்பேட்டை ஒன்றில் கூரை, சுவர், சாலை எல்லாவற்றிலும் இத்தகைய சாயம் பூசியபோது, அங்கே நடந்து செல்பவர்கள் உணரும் வெப்பம் 1.5 டிகிரி செல்சியஸ் வரை குறைந்தது தெரியவந்தது.

சிவப்பு ஏன் ஓடிப்போகிறது?

அடுத்த வாரம் கறுப்புப் பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “சிவப்புதான் வேண்டும், ஆனால் பழைய சிவப்பு வெளுத்துப்போனதே?” என்று கேட்டேன். அங்கிள் இரண்டு வண்ண அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று செர்ரிப் பழம் போன்ற பளீர்ச் சிவப்பு. இன்னொன்று மண்சட்டிச் சிவப்பு.

சாயத்தில் முக்கியமாக இரண்டு பொருள்கள் இருக்கின்றன. நிறம் தரும் நிறமி ஒன்று. நிறமித் தூளைக் கதவோடு பிடித்து வைக்கும் பசை இன்னொன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் இரண்டையும் தாக்கும். பசை சிதைந்தால் நிறமித் தூள் பிடிமானம் இழந்து மேலே மாவாக நிற்கும். என் விரலில் ஒட்டியது அதுதான். நிறமி சிதைந்தால் நிறமே போய்விடும். பளீர்ச் சிவப்பு, பளீர் மஞ்சள், ஊதா போன்றவற்றில் பெரும்பாலும் கரிமச் சேர்மங்களால் ஆன நிறமிகளே இருக்கும். அவற்றில் உயர்ந்த தரமானவை பல ஆண்டுகள் தாங்கும். மலிவானவை சீக்கிரம் ஓடிவிடும். வெள்ளையோடு கலந்து இளநிறமாக்கினால் இன்னும் சீக்கிரம்.

மண்சட்டிச் சிவப்பு வேறு இனம். அது இரும்பு ஆக்சைடு, சுருக்கமாகச் சொன்னால் துரு. “ஏற்கெனவே துருப்பிடித்தது லா. வெயில் அதை இனி என்ன செய்துவிடும்?” என்று சிரித்தார் அங்கிள். இரும்பு ஆக்சைடுச் சிவப்பு, கரியால் செய்த கறுப்பைப்போல் வெயிலை முழுவதும் விழுங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதோடு, நன்றாக மறைக்கும் நிறமி அது. பளீர்ச் சிவப்புக்கு நான்கு பூச்சு வேண்டியிருக்கும் இடத்தில் இதற்கு இரண்டே போதும்.

அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நிறத்தை எங்கேயோ பார்த்த நினைவு. பெயர் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, இந்த முறை அப்பாவிடம் காட்டினேன்.

“காவி” என்றார், தயங்காமல்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் 19 வயது வரை வளர்ந்தவர் அவர். பொங்கலுக்கு முன்னால் பாட்டி திண்ணைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் காவிப் பட்டை போடுவாராம். காவிக் கல்லைத் தண்ணீரில் உரைத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை. “கை ஒரு வாரம் சிவப்பா இருக்கும். பள்ளிக்கூடத்துல வாத்தியார் திட்டுவார்” என்றார். நேற்று சாப்பிட்டது என்ன என்று கேட்டால் யோசிக்கும் மனிதர், பாட்டி எத்தனை பட்டை போடுவார் என்று விரலில் எண்ணிக் காட்டினார்.

நம் கோயில் மதில்களில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும் பட்டைகள் நினைவிருக்கிறதா? அந்தச் சிவப்பும் காவிதான். இரும்பு ஆக்சைடு நிறைந்த மண். புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான ஓவியங்களிலும் காவிச் சிவப்பும் மஞ்சள் மண்ணும் இருக்கின்றன. கோபுரச் சிற்பங்களின் பல வண்ணங்களைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நம் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு 2018லும், சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு 2023லும் குடமுழுக்கு நடந்தபோது வண்ணங்கள் மறுபடி உயிர்பெற்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெயில் எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி இரக்கம் காட்டுவதில்லை. இதை வேதியியல் படிக்காமலேயே நம் பாட்டிமார் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இந்த வட்டாரத்தின் மற்ற பழைய நிறங்களும் அப்படித்தான். அந்தக் காலத்துக் கடைவீடுகளில் சுண்ணாம்பில் நிறமியைக் கரைத்துப் பூசினார்கள். பினாங்கில் உள்ள சியோங் ஃபட் ஸி மாளிகையின் புகழ்பெற்ற நீலம், சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்ததால் வந்தது. அவுரி நம் ஊர்ச் செடி. இன்று ஹில் ஸ்திரீட்டில் 1934ல் கட்டப்பட்ட பழைய காவல் நிலையத்தின் 927 சன்னல்களும் வானவில் நிறங்களில் மின்னுகின்றன. அவ்வளவு சன்னல்களையும் பளிச்சென்று வைத்திருக்க எத்தனை பேர் எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்று இப்போது அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் நினைக்கிறேன்.

பூசிய நாள்

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொடங்கினோம். மேற்குக் கதவுக்குக் காலைதான் நேரம். சூடான கதவில் பூசினால் மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து, உள்ளே ஈரம் அடைபட்டுக் கொப்புளம் எழும். தூரிகைக் கோடுகளும் அப்படியே நின்றுவிடும்.

முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவினோம். மாவாக நிற்கும் பழைய சாயத்தின்மேல் எவ்வளவு உயர்ந்த சாயத்தைப் பூசினாலும் உரிந்துவிடும் என்பதால், தம்பி மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தேன். விடுமுறைக்கு வந்த பையனுக்கு அதுவே பெரிய விளையாட்டு. முகத்துக்கு முகமூடி போட்டுக்கொண்டோம். பிறகு சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் நீரில் கரையும் அக்ரிலிக் சாயத்தில் இரண்டு பூச்சு. எண்ணெய் எனாமல் கண்ணாடிபோல் மின்னும், ஆனால் வெயிலில் நாளடைவில் இறுகி வெடிக்கும். அக்ரிலிக் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், மரத்தோடு சேர்ந்து விரிந்து சுருங்கும்.

அரைப் பளபளப்பு போதும் என்று அங்கிள் சொல்லியிருந்தார். முழுப் பளபளப்பில் மாலை வெயில் கண்ணைக் கூசச் செய்யும். அந்தக் கூச்சம் மறதி நோய் உள்ளவர்களை இன்னும் குழப்பும். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மறக்காமல் பூசினோம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பலர் விட்டுவிடுவார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சும் வாய் அதுதான்.

கதவுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் கிரில்லை வெளிர்மஞ்சளாக மாற்றினோம். அப்பா முதலில் பார்ப்பது கிரில்லைத்தான். அது பழையபடி கரும்பழுப்பாக இருந்தால் பின்னால் இருக்கும் சிவப்பு தெரியாது. கதவைச் சுற்றியுள்ள சட்டத்தையும் அதே வெளிர்மஞ்சளாக்கினோம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகர மன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புளோக் முழுவதும் புதுச் சாயம் பூசும். நாளைக்குச் சுவர் எந்த நிறத்துக்கு மாறினாலும், சிவப்பைச் சுற்றி ஒரு வெளிர் எல்லை எப்போதும் இருக்கும்.

கடைசிப் பூச்சின்போது அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தூரிகையைக் கேட்டார். கொடுத்தேன். கீழ்ப்பகுதியில் ஓர் ஓரத்தை மெதுவாக, வழியவிடாமல், மரத்தின் வரிகளோடு பூசினார். அந்த ஓரம்தான் கதவிலேயே நேர்த்தியாக இருக்கிறது.

இப்போது

பத்து மாதங்கள் ஆகிவிட்டன. மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். விரலால் தேய்த்துப் பார்க்கிறேன், மாவு ஒட்டவில்லை. எண் பலகையைக் கழற்றி, அடியில் உள்ள நிறத்தோடு வெளியே உள்ளதை ஒப்பிட்டேன். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்து மாதம் பெரிய சோதனை அல்ல என்று அங்கிள் சொன்னார். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்து சொல்லச் சொன்னார்.

சாயம் நோயைக் குணப்படுத்தாது. அப்பாவின் மறதி கூடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது தேக்காவுக்குத் தனியாகப் போவதில்லை. காலையில் புளோக்கின் கீழே உட்கார்ந்து நாளிதழ் படித்துவிட்டு மேலே வருவதோடு சரி. சில நாள் மின்தூக்கியில் தவறான தளத்தில் இறங்கிவிடுகிறார்.

சென்ற மாதம் மாக்சிக் மறுபடி அழைத்தார். எனக்கு வழக்கம்போல் நெஞ்சு படபடத்தது.

“உன் அப்பா இப்போதுதான் வந்தார்” என்றார். “என் கதவுக்கு முன்னால் நின்றார். சாவியைக் கையில் எடுத்தார். கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு மின்தூக்கிக்குத் திரும்பிப் போய்விட்டார்.”

வீட்டுக்கு அழைத்தேன். அம்மாதான் எடுத்தார். அப்பா வந்துவிட்டாராம். காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கிறாராம்.

உங்கள் கதவுக்குச் சாயம் பூசும் முன்

திசையைப் பாருங்கள்: ஒரு நாள் முழுவதும் கதவில் வெயில் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். மேற்குக் கதவுக்குக் கறுப்பும் கரிச்சாம்பலும் வேண்டாம்.

விரலால் தேய்த்துப் பாருங்கள்: மாவு ஒட்டினால் பழைய சாயம் சிதைந்துவிட்டது. கழுவி, தேய்த்து, பிரைமர் பூசாமல் புதுச் சாயத்தைத் தொடவேண்டாம்.

நிறமியைக் கேளுங்கள்: காவிச் சிவப்பு, மண் மஞ்சள், பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலை நன்றாகத் தாங்கும். பளீர் நிறம்தான் வேண்டுமென்றால் வெளிப்புறத்துக்கென்றே செய்யப்பட்ட உயர்தரச் சாயமாக வாங்குங்கள்.

பலகையில் பூசிப் பாருங்கள்: கடை விளக்கில் பார்க்கும் நிறம் வெயிலில் வேறு. சிறு பலகையில் பூசி, கதவருகே வைத்துக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பாருங்கள்.

அளவு: கதவின் ஒரு பக்கம் ஏறக்குறைய 2 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் தாராளம். மீதத்தை மூடி வையுங்கள், கீறல் விழுந்தால் உதவும்.

விதிகள்: தாழ்வாரச் சுவர் நம்முடையதல்ல, அதில் பூசக்கூடாது. தீத்தடுப்புக் கதவாக இருந்தால், ஓரத்தில் உள்ள முத்திரைத் தகட்டின்மேலும் தடுப்புப் பட்டையின்மேலும் சாயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவையே மாற்றுவதாக இருந்தால் வீவக விதிகளை முதலில் படியுங்கள்.

மூத்தோர் இருக்கும் வீடு என்றால்: அவர்களிடம் முதலில் கேளுங்கள். நான் கடைசியாகத்தான் கேட்டேன்.